சடைநாயும் சீப்பும்

உடல் முழுக்க மயிர் அடர்ந்த நாயைச் சடைநாய் என்கிறோம். சீவாமல் விட்டால் அது என்னவாகும் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட நாய் இலங்கையின் ஊவா மலைக்குக் காட்டு வேலைக்காக வந்ததல்ல என்பது என் எண்ணம். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பின்னர் வெளியிட்ட வேட்டை நூலில் புகழும் ஸ்மட்டும் கில்பக்கும் மரையை மறித்து நின்ற வேட்டை நாய்கள். அட்டையும் முட்புதரும் நிறைந்த காட்டில் சுருள் மயிர் நாய்க்குச் சுமைதான். சடைநாய்க்கு இடம் தோட்டத் துரைமாரின் பங்களா விறாந்தையில். அங்கே அதைச் சிக்கில்லாமல் வைத்திருந்தது வேலைக்காரர் கை.

சுருள் மயிர் உதிர்ந்தாலும் கீழே விழாது, பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொள்ளும். நாய்களின் இந்தச் சுருளுக்குக் காரணமான மரபணுவை 2009இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஊவாவின் பதுளைப் பக்கத்துப் பருவங்களோ சிக்கை வளர்க்கவே ஏற்பட்டவை. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ் மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்றும் காய்ந்த புல்லின் ஒட்டு விதையும். நனைந்த முடிச்சு காயும்போது இறுகும். ஆகவே குளிப்பாட்டும் முன்பே, நுனியில் தொடங்கித் தோல்வரை சீவ வேண்டும். காதுக்குப் பின்னும் கக்கத்திலும் கழுத்துப்பட்டிக்குக் கீழும் விரலால் பிரிக்க வேண்டும். கத்தரித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பூடில் நாயின் ஒப்பனை வெட்டே தண்ணீரில் நீந்தும் வேட்டை நாய்க்காகத் தோன்றியதுதான். ஆனால் வெட்டியது சில வாரங்களில் வளர்ந்துவிடும். துரைமாருக்கோ மயிர்தான் அழகு.

வேலைக்காரர்தான் சீவினார் என்பதற்கு ஆவணம் எங்கே என்பது அதைவிட வலுவான கேள்வி. தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் கொழுந்துக்குப் பேர் விழும், களைக்குப் பேர் விழும். பங்களா ஆளின் பேரும் அதில் ஏறியிருக்கலாம். நாயின் காதடிச் சிக்கை எடுக்க எவ்வளவு நேரம் போனது என்பது எந்தக் கணக்கில் ஏறும்? ஏட்டில் இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பளபளத்த நாய்தான் அதற்குச் சாட்சி. மறுபக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவின் வாசலில் படுத்த ஊர்நாய்க்குச் சீப்பே தேவைப்படவில்லை. நாய்களுக்கு வேலி தெரியாது. பங்களாச் சுருளோடு லயத்தில் பிறந்த குட்டிக்கு, மலையிலிருந்து கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு வந்தவர்கள் எந்த நேரத்தில் சிக்கெடுத்திருப்பார்கள்?