லயத்துக்கு வந்த அரசர்கள்: சப்ரகமுவத் தோட்டங்களில் வீரர் வழிபாட்டின் வரலாறு

அயர்லாந்தின் பழங்கதைகளை ஏட்டில் ஏற்றியவர்கள் கிறித்தவத் துறவிகள். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லெபர் கபாலா’ என்னும் நூல், துவாத்தா டே டனன் என்ற தெய்வக் குலத்தை, அந்தத் தீவுக்கு அடுத்தடுத்து வந்து குடியேறிய கூட்டங்களில் ஒன்றாகவே எழுதிவைத்தது. லூக், டக்டா, நுவாடா முதலிய தெய்வங்கள் அதில் மாயவித்தை தெரிந்த மன்னர்களாக இறங்கிப்போனார்கள். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தைச் சேர்ந்த இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. இங்கே அரசர்கள் சாமிகளானார்கள். எழுத்தால் அல்ல, கூத்தால்.

1830களில் கோப்பிக்காகத் தொடங்கிய ஆள்சேர்ப்பு, 1869இல் கோப்பி இலைநோய் கண்டபின் தேயிலைக்கும், பிறகு தாழ்ந்த மலைகளில் ரப்பருக்கும் தொடர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோயில் கட்ட இடம் கேட்க வேண்டியதில்லை. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம் போதும். இதில் வியப்பொன்றும் இல்லை. புலம்பெயர்ந்தவர் எவரும் செய்வதுதான்.

வியப்பு பொன்னர் சங்கர் கதையில் இருக்கிறது. அண்ணன்மார் கதை என்று கொங்கு நாட்டில் வழங்கும் இது, வேளாளக் கவுண்டர் குலத்து இரட்டையர் நிலம் காத்து ஆண்ட கதை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் அவர்களுக்கு இன்றும் விழா நடக்கிறது. 1960களில் கொங்கு நாட்டில் இக்கதையைப் பாடகர் வாயிலாகப் பதிவுசெய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அதை அப்பகுதிக் காணியாளரின் வாழ்வோடும் சடங்கோடும் பொருத்திக் காட்டினார். ஆனால் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். கதையில் ஆளுகிற நிலத்தில் அவர்களுக்கு ஒரு முழம்கூட இருந்ததில்லை. வந்த இடத்திலும் லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டில் ஓர் அறைதான். அப்படிப்பட்டவர்கள் பொன்னராகவும் சங்கராகவும் வேடம் கட்டினார்கள். விரதம் இருந்து, தப்பொலிக்கு ஆடி, விடிய விடியக் கதையை நடத்தி, வீரர் மாயும் படுகளத்தில் விழுந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கும் ஆளே இரவில் நாடாண்டான். அந்த இரவு அவனைக் கும்பிட்டவர்களில் அவன் சாதியாரும் உண்டு, பிறரும் உண்டு. காணியாளரின் குலக்கதை தோட்டத்துப் பொதுச் சாமியானது இப்படித்தான் என்று கருதுகிறேன்.

படுகளம்தான் கூத்தின் உயிர். வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளி, அவன் பக்கத்துக் காட்டுப்பன்றி கொம்பன், போர், வஞ்சனை எல்லாம் கடந்து அண்ணன்மார் தம் வாளாலேயே மாய்கிறார்கள். தங்கை தங்காள் தேடிவந்து அவர்களைச் சற்று நேரம் எழுப்புகிறாள். விழுந்து கிடப்பவர்மேல் தண்ணீர் தெளித்து எழுப்பும்போது கூட்டத்திலும் அருள் வந்து ஆடுவோர் உண்டு. அயர்லாந்துக் கதைவீரன் தியர்மத் பென் புல்பென் மலைப் பன்றியால் சாகிறான். அந்நாட்டின் இன்னொரு வீரன் கூ குலின் நின்றபடியே சாகத் தன்னைக் கல்தூணில் கட்டிக்கொள்கிறான். பன்றியும் வீரச்சாவும் இரு பக்கமும் இருப்பதை வைத்துத் தொடர்பு கட்டுவது வீண்வேலை. பார்க்க வேண்டியது கதை போய்ச்சேர்ந்த இடத்தை. அங்கே அது தோலேட்டில் உறங்கியது; இங்கே ஆண்டுதோறும் ஒருவன் உடம்பில் ஏறியது.

மாசி மாதக் காமன் கூத்திலும் இதே முறைதான். கம்பம் நட்டு, ரதியும் மன்மதனும் வீடுவீடாக ஆடி, சிவன் எரித்த காமனை மீண்டும் எழுப்புகிறார்கள். அருச்சுனன் தபசும் சேர்ந்தால் மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகளும் நிறைவாகும்.

கொண்டுவந்த சாமிகள் போதாமல் தோட்டம் தானும் சாமிகளைப் படைத்தது. தேயிலை ஸ்டோரின் சக்கரங்களுக்கு ரோதைமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி. சுழலும் இயந்திரம் கையைப் பிடித்துவிடாமல் காப்பது ரோதைமுனியின் வேலை. கையிழந்த நுவாடா அரசுரிமையும் இழந்தான் என்பது அயர்லாந்துக் கதை. தோட்டத்தில் கை போனால் செக்ரோல் என்னும் பெயர்ப்பதிவேட்டில் பேர் போகும் என்ற அச்சம் ஒரு முனியை உண்டாக்கியிருக்கலாம். கவ்வாத்து தேயிலைக்கு உரியது. ஆகவே விடியலில் பால்வெட்டப் போகும் கேகாலை ரப்பர் மலைகளில் அந்தச் சாமிக்கு வேலை இராது. மலையகத் தெய்வங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தேயிலையையே கண்முன் வைத்து எழுதப்பட்டவை. சப்ரகமுவவைத் தனியே ஆராய இதுவே போதிய காரணம்.

இவற்றோடு அந்த மண்ணின் சாமியும் இருந்தது. சிவனொளிபாதமலையின் காவல் தெய்வம் சமனுக்கு இரத்தினபுரியில் பெருந்தேவாலயம் உண்டு. சிங்கள மரபில் சிலர் அவரை இராமாயண இலக்குமணனாகவும் காண்பர். அதே மலையைச் சிவனடி என்று ஏறும் தோட்டத் தமிழர்களுக்கு இந்த இராமாயணக் கதை அயலானதல்ல.

பிறகு கூத்தை நடத்தியவர்களே சிதறினார்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை ஒரு பகுதியினரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளியது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, 1983இல் மறுபடியும். கூத்துப் பாடம் வாத்தியாரின் நினைவில் இருந்தது. அவர் போனால் பாடமும் போகும். ரதி வேடத்துக்கு ஆளிருந்தும் அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லாத தோட்டத்தில் காமன் கம்பம் நடுவதே நின்றுபோகும். ஆகமக் கோயில்கள் எழும்பிய இடங்களில் முனி சுற்றுமதிலுக்கு வெளியே நிற்கிறார். கூத்து கலைவிழா மேடைக்கு ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் படுகளத்தையும் முடித்துவிடுகிறது. அங்கே யாருக்கும் அருள் வருவதில்லை.