மறைகோட்டின் சரித்திரம்

யந்திர உறுப்பொன்றின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாது கிடக்கும் துவாரத்தை, சிறுசிறு கீற்றுகளாக இழுத்த மறைகோட்டினால் காகிதத்தில் காட்டிவந்த வரைவாளருக்கு, எது முன்னிற்பது, எது மறைவது என்ற விவேகம் அனுபவத்தால் கைவந்திருந்தது. கணினிக்கோ அதுவே பெரும் பிரச்னையாயிற்று. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லாரன்ஸ் ராபர்ட்ஸ், ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு திண்மப்பொருளோடும் ஒப்பிட்டு மறையும் பகுதியை நீக்கும் உபாயத்தைத் தம் டாக்டர் பட்ட ஆய்வில் வகுத்தார். 1967-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் அப்பெல், கோட்டின் ஒரு புள்ளியைத் திண்மப்பொருள்களின் எத்தனை முகங்கள் மறைக்கின்றன என்று எண்ணி, அத்தொகை பூஜ்யமாகும் இடத்தை மட்டுமே வரையச் செய்தார். பொருளின் புறவிளிம்பைக் கடக்கும்போதுதான் அத்தொகை மாறும் என்று அவர் கண்டது எத்தனை சூக்ஷ்மமான அவதானம்! மறைந்ததை நீக்கக் கற்ற கணினிக்கு, அதையே கீற்றுக்கோடாக இட்டுக் காட்டுவது பின்னர் எளிய காரியமாயிற்று.