திருவாசக முற்றோதல்

திருவாசக முற்றோதல் என்பது மாணிக்கவாசகரின் திருவாசகத்தை அடியார்கள் குழுவாக அமர்ந்து தொடக்கம் முதல் இறுதி வரை ஓதும் சைவ வழிபாட்டு வாசிப்பு. திண்டுக்கல், பழநி வட்டாரம் உட்படத் தமிழ்நாட்டுச் சிவாலயங்களிலும் மடங்களிலும் வீடுகளிலும் நடைபெறுகிறது. ஆனி மகத்தில் வரும் மாணிக்கவாசகர் குருபூசை இதற்குரிய சிறப்பு நாள்.

சைவத் திருமுறைகளுள் எட்டாம் திருமுறையில் அடங்கும் திருவாசகம் 51 பகுதிகளும் 658 பாடல்களும் கொண்டது. சிவபுராணத்தில் தொடங்கும் ஓதல் அச்சோப் பதிகத்தில் முடியும். ஒருவர் முன்பாட, மற்றவர்கள் கையில் நூலுடன் தொடர்வர். பெரும்பாலும் காலையில் தொடங்கி மாலைக்குள் முடிப்பதால், நின்று பொருள் பேச நேரம் இருப்பதில்லை. அந்தக் குறையை வாராந்தர விளக்க வகுப்புகள் நிரப்புகின்றன.

பொருள் தேடலுக்கு நூலிலேயே பிடிமானம் உண்டு. பதிகங்களுக்குத் தத்துவக் குறிப்புத் தலைப்புகள் உள்ளன; 100 பாடல்கள் கொண்ட திருச்சதகம், மெய்யுணர்தல் முதலாகப் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்னும் சைவ சித்தாந்தக் கண்கொண்டு விளக்குவதே பெருவழக்கு. அச்சித்தாந்தத்தை 12 சூத்திரங்களில் வகுத்த மெய்கண்டாரின் சிவஞானபோதமோ 13-ஆம் நூற்றாண்டு நூல், திருவாசகத்துக்குப் பிற்பட்டது. எனவே இவ்விளக்கம் பிற்காலத்திலிருந்து முற்காலத்தை நோக்கிய வாசிப்பு.

பொருள் பற்றிய கேள்வி மரபுக் கதையிலும் உண்டு: பாடல்களின் பொருள் கேட்ட தில்லை (சிதம்பரம்) அந்தணர்களுக்கு மாணிக்கவாசகர் நடராசரையே பொருளாகச் சுட்டி, அவருள் கலந்தார் என்பர். தமிழறியாதவர்களும் பொருள் அறிய உதவும், திருவாசகத்தின் ஜி.யு. போப் ஆங்கில மொழிபெயர்ப்பு 1900-இல் ஆக்ஸ்போர்டில் வெளியானது.