உடலுக்குள் ஒரு கடிகாரம்: இரவு வேலைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

கேமரன் மலையில் இரவில் பயணம் செய்வோர், மலைச்சரிவுகளில் பூக்கொட்டகைகள் விளக்கொளியில் மின்னுவதைக் காணலாம். அங்கு வளரும் செவ்வந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வரும். விளக்கைப் போட்டு இரவைக் குறைத்தால் பூப்பது தள்ளிப்போகும். அதற்குள் தண்டு நன்றாக நீண்டுவிடும். இரவின் நீளத்தைச் செடி கணக்கு வைத்திருக்கிறது. மனித உடலுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. அதைக் கவனிப்பது 'உயிர்க் கடிகாரம்'.

இந்தக் கடிகாரம் மூளையில் மட்டுமல்ல, உடலின் பெரும்பாலான உயிரணுக்களிலும் ஓடுகிறது. 'பீரியட்' என்ற மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் போதிய அளவு சேர்ந்ததும் அதே மரபணுவின் வேலையை நிறுத்துகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடியும் இயங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். 1984-இல் பழ ஈக்களில் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது இயங்கும் விதத்தை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ் மண்ணுக்கும் இத்துறையில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தனர். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால்கள்கூட, மற்ற வௌவால்கள் பறந்து வெளியேறும் நேரத்தைக் கொண்டு தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன என்று 1981-இல் அவர்கள் காட்டினர்.

இந்தக் கடிகாரம் புற்றுநோயோடு எப்படித் தொடர்புபடுகிறது? வெயில், கதிர்வீச்சு போன்றவற்றால் உயிரணுவின் டி.என்.ஏ. அன்றாடம் பழுதாகிறது. உடலே அதைச் சரிசெய்கிறது. பழுது நீங்காமல் சேர்ந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கும். ஷோபன் கட்டமீதி என்ற ஆய்வாளர், பின்னர் 2015-இல் வேதியியல் நோபல் பெற்ற அஸிஸ் சன்ஜாரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளைக் கொண்டு இதைச் சோதித்தார். புற ஊதாக் கதிர் பட்ட எலிகளில், விடியற்காலை 4 மணிக்குக் கதிர் பட்டவற்றுக்கு மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிட ஐந்து மடங்கு தோல் கட்டிகள் வந்தன. கதிரின் அளவு ஒன்றுதான், நேரம் மட்டுமே வேறு. பழுது பார்க்கும் புரதம் எலிகளுக்கு விடியற்காலையில் குறைந்திருந்ததே காரணம். இந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது.

அடுத்து மனிதர்களிடம் சோதனை நடந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உறக்க ஆய்வகத்தில் 14 பேர் ஏழு நாட்கள் தங்கினர். பாதிப் பேர் மூன்று நாட்கள் இரவு ஷிப்ட் முறையிலும், மற்றவர்கள் பகல் ஷிப்ட் முறையிலும் இருந்தனர். 2021-இல் வெளியான முடிவின்படி, இரவு ஷிப்ட் பிரிவினரின் வெள்ளை இரத்த அணுக்களில் புற்றுநோயோடு தொடர்புள்ள பல மரபணுக்களின் தாளம் மாறியிருந்தது. டி.என்.ஏ. பழுதும் கூடுதலாகக் காணப்பட்டது. மூன்றே நாட்களில் ஏற்பட்ட மாற்றம் இது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உயிர்க் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2-ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறு ஆய்வு செய்து, இரவு ஷிப்ட் வேலையை அதே பிரிவில் வைத்தது. இரவு வேலை பார்க்கும் எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்பதல்ல இதன் பொருள். அமெரிக்கத் தாதியரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ சுழற்சி இரவு வேலை செய்தவர்களுக்கே மார்பகப் புற்றுநோய் அபாயம் 36 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

தோட்டப்புற மக்களுக்கு இச்செய்தி முக்கியமானது. தேயிலைக் கொழுந்து பறிப்பது பகல் வேலைதான். ஆனால் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன பிள்ளைகளில் பலர் தொழிற்சாலையிலும், மருத்துவமனையிலும், காவல் பணியிலும் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். காய்கறி லோரி ஓட்டுநர்களுக்கும் இரவுதான் வேலை நேரம்.

வேலையை விட முடியாதவர்கள் சிலவற்றைச் செய்யலாம். பகலில் தூங்கும் அறையைத் தடித்த திரையிட்டு நன்றாக இருட்டாக்கலாம். தூங்கும் நேரத்தை நாளுக்கொரு விதமாக மாற்றாமல் இருக்கலாம். பகலில் தூங்குபவரை வீட்டார் அடிக்கடி எழுப்பாமல் விட வேண்டும். இவை கடிகாரத்தின் குழப்பத்தைக் குறைக்குமே தவிர, நோயைத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்காகச் சொக்சோ 2013-இல் இலவசச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. மார்பில் கட்டி தென்பட்டாலும், நெடுநாள் ஆறாத புண் இருந்தாலும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்ட வேண்டும். மருத்துவரிடம், எத்தனை ஆண்டுகளாக இரவு வேலை செய்கிறோம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.