ஒரு காசுக்கு ஒரு முரசு

எழுத்தையும் தொழிலையும் ஒன்றாகச் சுமந்த நம்மவர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்களை எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. சீர்திருத்தவாதி, மொழிக் காவலர், சமுதாயத் தலைவர் என்றெல்லாம் பேசிவிட்டோம். ஆனால் அவர் ஒரு சிறுதொழில் முதலாளி என்பதை ஏனோ விட்டுவிடுகிறோம். காகிதத்துக்கும் மைக்கும் பணம் தேட வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் போட வேண்டும். ஊர் ஊராக முகவர்களிடம் நின்றுபோன பாக்கியை வசூலிக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அவருடைய மற்றப் பக்கங்கள் முழுமையாக விளங்கா என்பது என் கருத்து.

1903-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவர். 1924-இல், இருபத்தொரு வயதில் சிங்கப்பூர் வந்தார். கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வந்தவர் முதலில் பார்த்தது கணக்கெழுதும் வேலை. பின்னாளில் ஒரு நாளிதழை இத்தனை ஆண்டுகள் இழுத்துச் செல்ல அந்தக் கணக்குப் புத்தகப் பழக்கம் எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1929-இன் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். அந்தப் பயணம் இங்கிருந்த இளைஞர்கள் பலரைத் திருப்பிப் போட்டது. சாரங்கபாணி ஏற்கனவே சுயமரியாதைக் கருத்துகளில் ஊறியவர். 'முன்னேற்றம்' இதழில் ஆசிரியராக எழுதினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தபோது அதன் முன்னணியில் நின்றார். சாதி, கள்ளுக்கடை, தீமிதி, காவடி என்று சங்கம் தொட்ட விஷயங்கள் பலருக்குக் கசந்தன. இன்று கேட்டாலும் சிலருக்குக் கசக்கும். அதைப் பற்றிய விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

சங்கத்தின் குரலாக 1935 ஜூலை 6-ஆம் தேதி 'தமிழ் முரசு' வார இதழாக வெளிவந்தது. விலை ஒரு காசு. இந்த ஒரு காசைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பொருளாதார மந்தத்தில் கூலி வெட்டுப்பட்டுக் கிடந்த காலம் அது. தோட்டத்தில் பால்மரம் சீவிய ஆண் தொழிலாளிக்கு நாள் கூலி ஐம்பது காசுகூடக் கிடைக்காத நிலை. அவன் கையிலும் ஒரு பத்திரிகை போய்ச் சேர வேண்டும் என்றால் விலை அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் பத்திரிகை நடத்துபவனுக்கு ஒரு காசில் என்ன மிஞ்சும்? அந்நாளில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையால் கோக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகளின் பெரியதும் சிறியதும் போதும். தமிழுக்கோ உயிர்மெய், கொம்பு, கால் என்று அச்சுப்பெட்டி நிறைய அறைகள் வேண்டும்; அவற்றை அறிந்த கைகளும் வேண்டும். அத்தனையும் செலவு. போதாக்குறைக்கு, தோட்டப்புறத்தில் ஒருவர் வாங்கிப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கருத்துப் பரவுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. விற்பனைக்கு இதைவிடக் கெட்ட வழியும் இல்லை!

ஓராண்டுக்குள் செலவைத் தாங்குவது சங்கத்துக்கு முடியாததாயிற்று. மூடிவிடலாம் என்பதுதான் எந்தக் கணக்கரும் சொல்லியிருக்கக்கூடிய யோசனை. சாரங்கபாணி இதழைத் தம் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எழுதுபவர் முதலாளியானது இப்படித்தான். 1937-இல் முரசு நாளிதழாயிற்று. ஜப்பானியர் காலத்தில் நின்று, போருக்குப் பின் மீண்டும் வந்தது. ஆங்கிலம் படித்த இந்தியர்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்று 1946-இல் 'இந்தியன் டெய்லி மெயில்' என்ற நாளிதழையும் தொடங்கினார். ஒரு தாளை நடத்தவே திண்டாட்டம். இதில் இரண்டாவது தாளா என்று கேட்கத் தோன்றுகிறது. இலாபம் பார்த்துத் தொழில் செய்பவர் எடுத்திருக்கக்கூடிய முடிவல்ல அது.

பத்திரிகையை அவர் எதற்கெல்லாம் பயன்படுத்தினார் என்பதைப் பார்த்தால் இந்தப் பிடிவாதத்தின் காரணம் புரியும். 1951-இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானது. 1952 பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் தொடங்கியது. கோயில் வேறு, சாதி வேறு, சமயம் வேறு என்று பிரிந்து கிடந்தவர்களை மொழியின் பெயரால் ஒரே பந்தலில் உட்கார வைத்த விழா அது. சிங்கப்பூரோடு நிற்காமல் மலாயாவின் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது.

அதே காலத்தில் முரசில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியதை அச்சில் ஏற்றினார்கள். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரமும் எழுதும். பிற்காலத்தில் இரு நாடுகளிலும் கவிஞர்களாகவும் கதாசிரியர்களாகவும் விளங்கிய பலர் அந்தப் பகுதியில் கை பழகியவர்கள். பத்திரிகைப் பக்கத்தில் பிறந்த மணிமன்றம் ஊர்தோறும் கிளை விட்டு, மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்தது. நாளைய சந்தாதாரர்களையும் இந்தப் பகுதி உருவாக்கியது என்று சொன்னால் அவரைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். நல்ல தொழில்காரர் அப்படித்தான் யோசிப்பார்.

பிறகு, பல்கலைக்கழக விவகாரம். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். இங்குள்ள இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழிக்கு அங்கே இடம் இல்லையென்றால் பிறகு எங்கே? முரசு விடாமல் எழுதியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியது. ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் கொடுத்த வெள்ளி அது. 1956-இல் துறை தமிழோடு தொடங்கி, பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. நம் பிள்ளைகள் அங்கே தமிழில் பட்டம் பெறும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன் ஒருவன் கொடுத்த வெள்ளியும் அதில் இருக்கிறது.

குடியுரிமைப் பிரச்சாரத்தையும் சொல்ல வேண்டும். 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஊருக்குத் திரும்பத்தான் போகிறோம் என்று பெட்டியைக் கட்டியே வைத்திருந்த தலைமுறை நம்முடையது. பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று முரசு தலையங்கம் எழுதியது. மனுப் போட உதவியது. அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பது மலேசியாவில் 1969-க்குப் பின் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற வேண்டியதாயிற்று.

இனி, பேசத் தயங்கும் ஒன்று. 1963-இல் முரசின் ஊழியர்களே வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு பத்திரிகை வரவில்லை. அந்த இடைவெளியில், 1964-இல், சிங்கப்பூரில் 'தமிழ் மலர்' பிறந்தது. தொழிலாளர்களுக்காக எழுதியவர் பத்திரிகையிலேயே தொழிலாளர் போராட்டமா என்று கேலி பேசியவர்கள் உண்டு. நினைவுக் கூட்டங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அச்சுக்கோப்பவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. மொழிப்பற்றைக் காட்டிச் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. மறுபுறம், குறைந்த விலை, சிறிய சந்தை, குறைந்த விளம்பரம் என்ற நெருக்கடியில் முதலாளியின் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்த சண்டை அது. முரசு மீண்டும் வந்தது. ஆனால் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள்.

இந்த வழக்கை அவர் வீட்டிலும் நடத்திக் காட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதி மறுப்பைப் பேசியவர், பெரனாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1930களில் அது எளிய காரியம் இல்லை.

1974 மார்ச் 16-இல் அவர் மறைந்தார். பிள்ளைகள் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார்கள். கணினி வந்தது, தமிழ்ப்பள்ளிகள் மூடப்பட்டன, வாசகர் குறைந்தனர். இருந்தும் குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கைவிடவில்லை. 1995-இல் முரசு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவர் சிங்கப்பூர் வந்த ஆண்டில் பிறந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. முரசு 2025-இல் தொண்ணூறு ஆண்டுகளை எட்டியது. பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் ஏற்றியிருக்கிறது. வீட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம். தலையங்கத்தைப் படித்து முடித்தபின், அப்படியே கீழே உள்ள விளம்பரங்களையும் பாருங்கள்: அந்தத் தலையங்கத்துக்குக் காகிதம் வாங்கிக் கொடுத்த கடைகள் அவை.