ஹுல்ஸ்ஹோஃப் கோட்டை

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில், மூன்ஸ்டர் நகருக்கு மேற்கே ஹாவிக்ஸ்பெக் என்ற சிற்றூரை அடுத்துள்ள நீர்க்கோட்டை. 1417இல் ட்ரொஸ்டெ குடும்பத்தின் முன்னோர் கைக்கு வந்தது.

குன்றில்லாத சமவெளி; எனவே தண்ணீரே அரண். அகழிக்குள் இரண்டு தீவுகள். வெளித்தீவில் பண்ணைக் கட்டடங்களும் சதுரக் கோபுரங்களும் கொண்ட முன்கோட்டை. பாலம் கடந்தால் உள்தீவில் 1540-1545இல் எழுந்த மறுமலர்ச்சிக்கால மாளிகை. அதன் செங்கல் சுவர் கரையே இல்லாமல் நேராக நீரிலிருந்து எழுகிறது. போருக்கான கோட்டை என்பதைவிட, வசதியுள்ள நிலக்கிழாரின் வீடு என்பதே பொருத்தம். பக்கத்திலுள்ள நவகோதிக் சிற்றாலயம் 19ஆம் நூற்றாண்டின் சேர்க்கை.

கட்டடத்தைக் காட்டிலும் இதற்குப் பெயர் தேடித்தந்தவர் 1797இல் இங்கே பிறந்த கவிஞர் அனெட்டே ஃபான் ட்ரொஸ்டெ-ஹுல்ஸ்ஹோஃப். 1826இல் தந்தை இறந்ததும் சொத்து தம்பி வசமானது. அனெட்டே தாயுடனும் அக்காவுடனும் அருகிலுள்ள ரூஷ்ஹவுஸ் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அவர் உருவத்தைத் தாங்கிய 20 மார்க் நோட்டு 1992இல் புழக்கத்துக்கு வந்தது. கோட்டை 2012 முதல் அவர் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. உள்ளே அருங்காட்சியகம் இயங்குகிறது.