பெயர் எழுதாத போத்தல்கள்



நம்மவர் வீட்டு ஷோகேஸ்களில் பெருநாளைக்குக்கூட வெளியே வராத கண்ணாடிச் சாமான்கள் இருக்கும். "இது எங்கே செய்தது?" என்று கேட்டால் உம்மா ஒன்று சொல்வார், வாப்பா வேறொன்று சொல்வார். அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. அங்கே பழைய அச்சுக் கண்ணாடிப் போத்தல்களையும் பூச்சாடிகளையும் சேகரித்தவர்கள், பல வருடங்கள் பிழையான ஒரு பெயரை நம்பினார்கள். அந்தக் கதையை இன்று எழுதுகிறோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வசதியுள்ள அமெரிக்கர்களின் மேசையில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் செய்த வெட்டுக் கண்ணாடி இருந்தது. கனமான கண்ணாடியைச் சுழலும் சக்கரத்தில் பிடித்து ஒவ்வொரு கோடாக வெட்டுவார்கள். வேலை அதிகம், விலையும் அதிகம். சாதாரண குடும்பங்களால் வாங்க முடியாது.

அமெரிக்கத் தொழிலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். உட்புறத்தில் கோலம் செதுக்கிய, கீல் வைத்துத் திறந்து மூடும் உலோக அச்சு ஒன்று. உருகிய கண்ணாடியை ஊதுகுழலின் நுனியில் எடுத்து அச்சுக்குள் இறக்கி, மூடி, ஊதுவார்கள். அச்சைத் திறந்தால் வெட்டியதைப் போன்ற கோலத்தோடு போத்தல் வரும். ஏறக்குறைய 1815 முதல் 1835 வரை இது செழித்த தொழில். சேகரிப்போர் இதை 'மூன்றச்சுக் கண்ணாடி' என்கிறார்கள். ஆனால் எல்லா அச்சும் மூன்று துண்டல்ல. இரண்டும் உண்டு, நான்கும் உண்டு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இவற்றில் பல, மது ஊற்றி வைப்பதற்கான மூடி போட்ட போத்தல்கள். சிலவற்றில் 'ரம்', 'ஜின்' என்ற சொற்களே அச்சில் பதிந்திருக்கும். நமக்கு ஹராமான ஒன்றுக்காகச் செய்த பாத்திரம்தான். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஆனால் செய்தவர் பெயர் அந்தப் போத்தல்களில் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

பென்சில்வேனியாவில் ஹென்றி வில்லியம் ஸ்டீகல் என்றொருவர் கண்ணாடித் தொழிற்சாலை நடத்தினார். ஆடம்பரமாக வாழ்ந்து, 1774இல் கடனில் மூழ்கிச் சிறைக்கும் போனார். 1785இல் ஏழையாக இறந்தார். கேட்க நல்ல கதை. அதனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றச்சுக் கண்ணாடியைக் கண்டவர்கள் 'ஸ்டீகல் செய்தது' என்றார்கள். பெயர் ஒட்டியதும் விலை ஏறியது. உண்மையில் அந்தப் போத்தல்கள் பிறக்கும்போது ஸ்டீகல் இறந்து ஏறக்குறைய முப்பது வருடம்!

இந்தப் பிழையைத் திருத்த உதவியது மண்ணுக்குள் கிடந்த உடைசல்தான். 1920களில் ஹரி ஹோல் வைட் என்ற ஆய்வாளர், நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் போன்ற ஊர்களில் பழைய தொழிற்சாலை இருந்த இடங்களைத் தோண்டினார். கிடைத்த துண்டுகளின் கோலமும் வீடுகளில் இருந்த போத்தல்களின் கோலமும் பொருந்தின. பின்னர் ஜோர்ஜ் மெக்கியரினும் மகள் ஹெலனும் கோலங்களை வகைப்படுத்தி, 1941இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. மசசூசெட்ஸ் மாநிலத்தில் சென்ட்விச் என்று ஒரு கடற்கரை ஊர். (ஆம், பெயரே அதுதான்!) 1825இல் டெமிங் ஜார்வஸ் அங்கே தொழிற்சாலை தொடங்கினார். கடற்கரை மணலுக்காகத்தான் அந்த இடத்தைத் தெரிந்தார் என்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்த மணல் நல்ல கண்ணாடிக்கு உதவாது. அவருக்குத் தேவைப்பட்டது உலை எரிக்க விறகு. அதற்கு அங்கே காடு இருந்தது.

அந்தத் தொழிற்சாலை, இயந்திரத்தால் அழுத்திச் செய்த கண்ணாடிக்குப் பெயர் பெற்றது. நீலம், பச்சை, ஊதா நிறங்களில் வந்த அதன் பூச்சாடிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு 1888இல் அது மூடப்பட்டது.

இவற்றை எப்படி இனம்காண்பது? விரல் போதும். அச்சில் ஊதியதாக இருந்தால், வெளியே மேடான இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். சக்கரத்தில் வெட்டியதில் உட்புறம் வழவழப்பு, வெளி விளிம்பு கூர்மை. அழுத்திச் செய்ததிலும் உட்புறம் வழவழப்புத்தான், ஆனால் விளிம்பு மழுங்கியிருக்கும்.

விலை ஏறியதும் போலிகளும் வந்தன. ரூத் வெப் லீ என்ற பெண்மணி 1938இல் போலிகளைப் பற்றியே ஒரு நூல் எழுத வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள்: வெட்டுக் கண்ணாடி வாங்க முடியாதவர்களுக்காக வந்த நகல் அது. நூறு வருடத்தில் அந்த நகலுக்கே நகல் செய்தார்கள்!

வகுப்பில் ஒரு பிள்ளை "சேர், அது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் நாங்கள் கோபிப்பதில்லை. பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரிய பெயரொன்றைச் சொன்னதும் தலையாட்டிவிட்டால், உண்மையில் உலைக்கு முன்னால் நின்று வியர்வை சிந்தியவனின் உழைப்பு வேறொருவன் கணக்கில் போய்விடும்.

ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வீட்டு ஷோகேஸில் உள்ள பழைய சாமானை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். யார் வாங்கியது, எப்போது, எங்கே என்று மூத்தம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். சொல்வதை ஒரு துண்டில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அதுவும் நேர்மையான வரலாறுதான்.